அச்சம் அகன்ற வழி

 

'தன்னம்பிக்கை' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். இத்தலைப்பில் பேசுவோர் வழக்கமாகக் கூறும் கதைகள் சில உண்டு. ஆட்டு மந்தையில் வளர்ந்த சிங்கக்குட்டி நீரில் தன் முகத்தைக் கண்டு கர்ச்சித்தது என்பார்கள். கஜினி முகமது பதினேழு முறை படையெடுத்தான் என்பார்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் கூட்டம் கலைந்து, மறுநாட் காலையில் சாதிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்து வாயிலில் தயங்கி நிற்கும் நம் பிள்ளைக்கு அந்தச் சிங்கம் துணைக்கு வருவதில்லை. நம் மக்களுடைய அச்சம் எல்லோருக்கும் பொதுவான அச்சமன்று. அதற்கு ஊர் உண்டு, தெரு உண்டு, அதை ஏற்படுத்தியவர்களும் உண்டு. ஆகவே அதை நீக்கும் வழியையும் நம் வரலாற்றினுள்ளேயே தேடுவதுதான் முறையாகும்.

அச்சம் நம் இரத்தத்தில் ஊறியது என்று சொல்வார் உளர். நம்மவரிலேயே சிலர் அவ்வாறு சொல்லக் கேட்டிருக்கிறோம். அது பிழை. அச்சம் நமக்குக் கற்பிக்கப்பட்டது. எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஊர்த்தெருவில் நுழையும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டு என்றனர். காலில் உள்ள செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள் என்றனர். மிதிவண்டியை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு போ என்றனர். தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தனர்; குடித்தவனையே அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகச் செய்தனர். பேரன் வயதுடைய ஒருவன் 'அடே' என்றழைத்தாலும் எழுபது வயதுக் கிழவர் 'சாமி' என்று மறுமொழி கூற வேண்டும் என்றனர். இவற்றுள் ஒன்றேனும் பெரிய செயலா? ஒவ்வொன்றும் ஒரு நொடியில் முடிந்துவிடுவது. ஆயினும் ஒரு மனிதன் இதை நாளொன்றுக்குப் பத்து முறை செய்து, அவன் மகன் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்து, அந்த மகனின் மகனும் அதையே செய்வானாயின், முதுகு வளைவது பிறவிக் குணம் போலத் தோன்றிவிடும். அச்சத்தைக் கற்பித்தவர்கள் ஒரு வகையில் கைதேர்ந்த ஆசிரியர்கள் என்றே சொல்ல வேண்டும். அவர்கள் முழுப் பாடத்தையும் ஒரே நாளில் நடத்தவில்லை. சிறுகச் சிறுக நடத்தினார்கள், நாள்தோறும் நடத்தினார்கள்.

அவ்வாறாயின், அதை மறக்கும் கல்வியும் சிறுகச் சிறுக, நாள்தோறும் நடைபெற வேண்டுவதன்றோ? நாம் இன்று சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

உளநூலார் இதனையே வேறு சொற்களால் கூறுகின்றனர். 1924-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், முயலைக் கண்டு அஞ்சும் சிறுவனொருவனின் அச்சத்தை நீக்கிய முறையை வெளியிட்டார். 'முயலுக்குப் போய் அஞ்சலாமா?' என்று அவனை அவர் கடிந்துகொள்ளவில்லை. அவன் தனக்குப் பிடித்த உணவை உண்டுகொண்டிருக்கையில், முயலைக் கூண்டோடு சற்றுத் தொலைவில் வைத்தார். பின்னர்ச் சிறிது சிறிதாக அருகில் கொணர்ந்தார். முயலுக்கு அஞ்சாத வேறு பிள்ளைகளையும் உடனிருக்கச் செய்தார். முடிவில் அவன் அதனைத் தடவிக் கொடுத்தான். பின்னாளில், 1977-இல், ஆல்பர்ட் பண்டூரா என்னும் அறிஞர் 'என்னால் இது இயலும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஆராய்ந்து எழுதினார். தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்திலிருந்தே அது மிகுதியாகப் பிறக்கிறது. தன்னை ஒத்த ஒருவர் செய்து முடிப்பதைக் காண்பதாலும் பிறக்கிறது. பிறர் வாய்ச்சொல்லால் ஊட்டும் ஊக்கத்திற்கு அத்துணை வலிமை இல்லை என்றார். நம்மைப் போன்ற மேடைப் பேச்சாளர்களுக்கு இது சற்று வருத்தந்தரும் செய்திதான்!

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. முயல் கடிக்காது. நம் மக்கள் அஞ்சியவையோ கடிக்க வல்லவை. அதைப்பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த ஒரு சிறுவர் கோயமுத்தூர்க் கலாசாலையில் படித்தார். அங்குப் படித்த ஏறத்தாழ 400 மாணவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக எஞ்சிய அனைவரும் பிராமணர்கள். உடன் படிக்கும் பிள்ளைகளோடு நட்புக் கொண்டால், 'எந்தத் தெரு? என்ன குலம்?' என்று கேட்பார்கள். தெரிந்துகொண்டால் இழிவாக நடத்துவார்கள் என்று அவர் அஞ்சினார். ஆகவே காலையில் பள்ளிக்கு வெளியே எங்கேனும் ஓரிடத்தில் படித்துக்கொண்டிருப்பார். மணியடித்த பிறகே வகுப்பினுள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் பிற மாணவர்கள் தம்மை எட்டிவிடாதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். விளையாட்டு இல்லை, பேச்சு இல்லை. அவர்தாம் பின்னாளில் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன். இதனை அவரே 1939-இல் வெளிவந்த தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் மறைக்காமல் எழுதிவைத்துள்ளார்.

மாணவச் செல்வங்களே, இந்தப் பகுதியை நீங்கள் நின்று நிதானித்துப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். ஏனெனில் நம் தலைவர்களின் படங்களை நாம் சுவரில் மாட்டும்போது, அவர்கள் பிறக்கும்போதே கோட்டும் தலைப்பாகையும் அணிந்து பிறந்தவர்கள் போலத் தோன்றிவிடுகிறது. மணியடிக்கும் வரை மறைந்து நின்ற அந்தச் சிறுவரை நாம் காண்பதில்லை. இன்றும் கல்லூரி விடுதியில் 'உனக்கு எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்?' என்று ஒருவன் கேட்க, பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லித் தப்பிக்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் தம்மைக் கோழைகள் என்று எண்ணி வெதும்ப வேண்டா. இரட்டைமலையாரும் அந்த வழியே நடந்து வந்தவர்தாம்.

அந்த அச்சத்திலிருந்து அவர் வெளியே வந்தது ஒரே தாவலில் அன்று. படிப்பு முடித்து, நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிலையங்களில் கணக்கராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். கணக்கு எழுதுவது சிறிய வேலைதான். ஆனால் தன் கையால் எழுதிய எண் சரியாக இருக்கிறது என்பதைப் பிறர் நாள்தோறும் ஒப்புக்கொள்ளும் வேலை அது. 1890-இல் சென்னை வந்தார். நம் மக்கள் வாழும் இடங்களுக்குச் சென்று அவர்களுடைய நிலையைக் கேட்டறிந்தார். அதன் பிறகே, 1893-ஆம் ஆண்டு அக்டோபரில், ஓர் இதழைத் தொடங்கினார். அதன் பெயர் 'பறையன்'. எந்தப் பெயரை உடன் படிப்பவர்கள் அறிந்துவிடுவார்களோ என்று அஞ்சி வேக நடை நடந்தாரோ, அதே பெயரை அச்செழுத்தில் கோத்து, விலை வைத்து, சென்னைத் தெருக்களில் விற்றார்! தொடக்கத்தில் நான்கே பக்கங்கள். மாதத்திற்கு ஒரு முறைதான். பெரிய அச்சகமோ செல்வர்களின் துணையோ பெற்றுத் தொடங்கியதன்று. அவ்விதழ் 1900 வரை நடந்தது. அந்தப் பெயர் வேண்டும், வேண்டா என்று நம்மிடையே இன்றும் சொற்போர் நிகழ்வதுண்டு. அதற்குள் நாம் இப்போது புக வேண்டியதில்லை. ஒளித்து வைத்ததைத் தன் கையாலேயே வெளிச்சத்தில் வைத்தார் என்பது மட்டும் நமக்குப் போதும்.

அதே 1893 டிசம்பரில் இன்னொன்று நடந்தது. சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸார் அக்காலத்தில் கோரி வந்தனர். அவ்வாறு நடத்தினால் மேற்சாதியினரே அதிகாரிகளாகி நம் தலைமேல் அமர்வர் என்று கருதிய நம் முன்னோர், சென்னையில் கூட்டம் கூடி, அதனை எதிர்த்து இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு ஒரு மனு அனுப்பினர். அதில் ஒப்பமிட்டவர்கள் 3,412 பேர். மனுவின் நீளம் 112 அடி. நாம் இப்போது அமர்ந்திருக்கும் இம்மண்டபத்தில் அதை விரித்தால், வாயிலைத் தாண்டித் தெருவில் கிடக்கும்! அம்மனுவின் அரசியலைக் குறித்து இன்று இருவேறு கருத்துக்கள் இருக்கலாம். நாம் எண்ணிப் பார்ப்பது அந்த 3,412 பேரைத்தான். எழுத்தறிந்தோர் நம்மில் மிகச் சிலராக இருந்த காலம் அது. 'என் பெயரைப் போட்டால் நாளைக்கு எசமானர் வீட்டில் கேட்பார்களே' என்று அவர்களுள் எத்தனை பேர் தயங்கினார்களோ! ஆயினும் போட்டார்கள். மேடையேறிப் பேசுமாறு அவர்களை யாரும் கேட்கவில்லை. சிறை செல்லுமாறு கேட்கவில்லை. ஒரு பெயர், ஒரு வரி. அதற்கு மேலும் கீழும் தன்னைப் போன்றவர்களின் பெயர்கள் இருந்தன. அதனால்தான் அந்த ஒரு வரியை எழுத முடிந்தது.

இரட்டைமலையார் 1930-இல் அண்ணல் அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். கோயமுத்தூர் வகுப்பறை வாயிலுக்கும் அந்த மாநாட்டு மேசைக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு கிடக்கிறது.

அண்ணலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மகத் நகரத்துச் சவுதார் குளத்தைப்பற்றி அறியாதார் இங்கில்லை. எனினும் அதில் ஒரு செய்தியைப் பலரும் கவனிப்பதில்லை. பொதுக் குளங்களும் கிணறுகளும் தாழ்த்தப்பட்டோருக்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டசபை 1923-இலேயே தீர்மானித்துவிட்டது. அதனைக் கொண்டுவந்தவர் எஸ். கே. போலே. மகத் நகராட்சியும் 1924-இல் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் எழுதியது. ஏட்டில் குளம் திறந்துவிட்டது. ஆயினும் நம் மக்களின் கால்கள் அந்தப் படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. மூன்றாண்டுகள் சென்றபின், 1927 மார்ச் 20-ஆம் நாள், மாநாட்டிற்கு வந்திருந்த ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக நடந்து சென்றனர். அண்ணல் குனிந்து கையால் நீரை அள்ளிப் பருகினார், மற்றவர்களும் பருகினர். ஒரு கை நீர்! உலகத்தில் எந்த விலங்கும் நாள்தோறும் செய்கிற செயல். அதற்குச் சட்டசபைத் தீர்மானம், நகராட்சித் தீர்மானம், மாநாடு, ஊர்வலம் அத்தனையும் வேண்டியிருந்தன. பின்னர் அடி விழுந்தது. 108 குடங்களில் பாலும் தயிரும் சாணமும் கோமியமும் கலந்து ஊற்றிக் குளத்தைத் 'தூய்மை' செய்தார்கள். வழக்குப் பத்தாண்டுகள் நடந்து, 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் முடிந்தது.

சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே காலெடுத்து வைப்பதை அது நமக்காகச் செய்து தராது. நம் தமிழ்நாட்டிலும் அவ்வாறே. 1996-இல் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி நம்மவர்க்கு ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியது அரசு, ஆனால் பத்தாண்டுகள் அங்கு முறையான தேர்தல் நடக்கவில்லை. 2006-இல்தான் நடந்தது. 2020-ஆம் ஆண்டிலும் கடலூர் மாவட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தலைவர் ஒருவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது. நாற்காலி அவருடையதுதான்.

இனி, முன்பு தள்ளிவைத்த செய்திக்கு வருவோம். அச்சம் எல்லாம் மூடத்தனம் என்று நாம் சொல்ல மாட்டோம். அவ்வாறு சொல்பவர்கள் வெண்மணியை மறந்தவர்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டனர். அவர்கள் சங்கமாகச் சேர்ந்தவர்கள், கூடுதல் நெற்கூலி கேட்டவர்கள். 1997 ஜூன் 30-ஆம் நாள் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் பேருந்திலிருந்து இறக்கப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர் செய்தது தேர்தலில் நின்று வென்றது ஒன்றே. இவற்றை அறிந்த ஒரு தந்தை தன் மகனைப் பார்த்து 'வேண்டாமப்பா' என்று சொன்னால், அவருக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று பட்டம் சூட்டுவது அறியாமை மட்டுமன்று, அநீதியுமாகும். அவருடைய அச்சம் அவர் கற்ற வரலாறு.

எனவே இரண்டு அச்சங்களைப் பிரித்தறியப் பழக வேண்டும். ஒன்று, இன்றும் இருக்கின்ற இடரைக் காட்டும் அச்சம். அதற்குச் செவிகொடுக்க வேண்டும். அங்குத் தனியே போகலாகாது. நால்வராகப் போக வேண்டும். போகுமுன் எழுத்தில் மனு கொடுத்து அதன் படியை வைத்துக்கொள்ள வேண்டும். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும். மற்றொன்று, இடர் நீங்கிய பின்னும் உடம்பில் தங்கிவிட்ட அச்சம். வங்கியில் பணம் எடுக்கும் படிவத்தை நீட்டும்போது நடுங்கும் கையை யாரும் வெட்ட வருவதில்லை. வகுப்பில் ஐயம் கேட்பவனை யாரும் மரத்தில் கட்டுவதில்லை. எனினும் கை நடுங்குகிறது, நா எழவில்லை. இந்த இரண்டாவது அச்சத்தைத்தான் சிறு அடிகளால் கரைக்க முடியும். இரண்டையும் ஒன்றாக எண்ணி 'அஞ்சாதே, பாய்!' என்று இளைஞர்களைத் தூண்டிவிட்டுத் தாம் பாதுகாப்பாக ஊர் திரும்பும் பேச்சாளர்களை நாம் ஏற்பதில்லை.

நம் மாலை வகுப்பில் இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நாங்கள் கண்டவற்றில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம். வகுப்புக்கு வரும் பிள்ளை முதலில் கற்பது கணக்கன்று, ஆங்கிலமும் அன்று. எழுந்து நின்று, கடைசி வரிசையில் இருப்பவர் காதில் விழும்படி தன் பெயரைச் சொல்வது. எளிது என்று எண்ணுவீர்கள். முதல் வாரத்தில் பாதிப் பேருக்கு மேல் தலைகுனிந்து, உதட்டுக்குள் பெயரை விழுங்குவார்கள். யாரும் சிரிப்பதில்லை, 'இன்னும் உரக்க' என்று யாரும் அதட்டுவதும் இல்லை. கடைசி வரிசையில் உள்ள பிள்ளை கேட்டால் கையைத் தூக்கும், கேட்காவிட்டால் தூக்காது. அவ்வளவே. பத்து நாட்களில் எல்லாக் கைகளும் மேலே எழுந்துவிடும். பிறகு செய்தித்தாளில் மூன்று வரி படிப்பது. அதன் பிறகு, படித்ததைத் தன் சொற்களில் ஒரே வரியில் சொல்வது. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். பிறர் எழுதியதைப் படிப்பது வேறு, தன் கருத்தென்று ஒன்றைச் சபையில் வைப்பது வேறு. இந்தப் படியில் சில பிள்ளைகள் மூன்று மாதம் நின்றதுண்டு. நிற்கட்டும். படியின்மேல் நிற்பவன் கீழே இல்லையே.

ஒரு மாணவியைக் குறிப்பிட வேண்டும். பெயர் சொல்ல அவர் இசையவில்லை. தாய் நடவுக்குப் போகிறவர். மகள் தமிழ்வழியில் படித்துப் பொறியியற் கல்லூரியில் சேர்ந்தவர். முதலாண்டுத் தீபாவளி விடுமுறைக்குப் பெட்டி படுக்கையுடன் வந்துவிட்டார். இனிப் போவதில்லை என்றார். வகுப்பில் ஆங்கிலத்தில் விடை சொல்லத் தொடங்கியபோது பின்னால் சிரித்தார்களாம். அதைவிடப் பெரிது, உதவித்தொகை வரவில்லை. கட்டணம் கட்டாதவர் என்று எல்லார் முன்னிலையிலும் பெயரைப் படித்தார்களாம். நாங்கள் அவருக்கு அறிவுரை கூறவில்லை. விடுமுறை நாட்களில் நாளுக்கு ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் தாளில் எழுதி, நம் வகுப்பில் எழுந்து கேட்குமாறு சொன்னோம். கல்லூரிக்குத் திரும்பும்போது ஒரே ஓர் உடன்பாடு: வாரத்திற்கு ஒரு கேள்வி, அதுவும் வகுப்பு முடிந்தபின், ஆசிரியர் மேசைக்கு அருகில், தாளைப் பார்த்தே கேட்கலாம். நான்காம் வாரத்தில் தாள் இல்லாமல் கேட்டார். எட்டாம் வாரத்தில் வகுப்பு நடக்கும்போதே கேட்டார்.

உதவித்தொகைக்கு வேறு வழி வேண்டியிருந்தது. அலுவலக எழுத்தர் 'நாளை வா' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் முறை நம் கழகத்தில் படித்த மூத்த மாணவி ஒருவர் உடன் சென்று, தானே பேசினார். இரண்டாம் முறை அந்த மூத்த மாணவி தாழ்வாரத்தில் நின்றுகொண்டார். மூன்றாம் முறை இவர் தனியாகவே போய், 'என்ன காரணத்தால் நிற்கிறது என்று எழுதித் தாருங்கள் ஐயா' என்று கேட்டார். அந்த ஒரு வாக்கியத்தை இங்கே முப்பது முறையாவது சொல்லிப் பார்த்திருப்பார். எழுத்தர் எழுதித் தரவில்லை. ஆனால் கணினியைத் திறந்து பார்த்தார். வங்கிக் கணக்கோடு ஆதார் எண் இணைக்கப்படவில்லை என்பதுதான் காரணம். அரை நாள் வேலை! அதற்காக ஒரு பெண்ணின் படிப்பே நின்றுபோக இருந்தது. அவர் இன்று பொறியாளர். இந்த மேடையில் வந்து பேசுங்கள் என்றால் மட்டும் இன்றும் மறுத்துவிடுகிறார். அது அவர் உரிமை.

கொத்தனார் வேலை செய்யும் இளைஞர் ஒருவர். எட்டாம் வகுப்போடு நின்றவர். தம் தெருவின் சுடுகாட்டுப் பாதை ஏன் இன்னும் மண்ணாகவே கிடக்கிறது என்று கேட்க விரும்பினார். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அரைப் பக்கத்தில் மூன்று கேள்விகள் எழுதி அனுப்பினார். 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும் என்பது சட்டம். விடை வந்தது, அவர் பெயருக்கு, அரசு முத்திரையுடன், 'திரு' என்னும் அடைமொழியோடு வந்தது. பாதைக்கு ஒதுக்கிய தொகை அதில் இருந்தது. அந்தத் தாளைப் பல நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். பிறகு மே தினக் கிராமசபையில் எழுந்து இரண்டே வாக்கியம் பேசினார். கையில் இருந்த தாள் நடுங்கிய சலசலப்பு ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது. ஆயினும் பேசி முடித்தே அமர்ந்தார். தெருவிலிருந்து பதினோரு பேர் அவரோடு சென்று பின்னால் அமர்ந்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பாதை இன்றும் பாதிதான் போடப்பட்டிருக்கிறது. அடுத்த கிராமசபைக்கு வேறு இருவர் கேள்வி எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் நடைபெறுகின்றன. ஆறு முறை எழுந்து நிற்கலாம்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வெளியே கிளம்பும்போது 'வாயைக் கொடுத்து வம்பை வாங்காதே' என்று சொல்லி அனுப்புகிறீர்கள். அன்பினால் சொல்வது அது. உங்கள் தாயும் உங்களுக்கு அதைத்தான் சொன்னார். அதை ஒரே நாளில் நிறுத்துங்கள் என்று கேட்க மாட்டோம். மாலையில் பிள்ளை திரும்பியதும் 'எத்தனை மதிப்பெண்?' என்பதோடு, 'இன்று யாரிடம் என்ன கேட்டாய்?' என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஒன்றும் கேட்கவில்லை' என்றால் கோபிக்க வேண்டா, சோற்றைப் போடுங்கள். நாளைக்கும் கேளுங்கள். பெற்றோர் தம் பிள்ளை முன்னிலையிலேயே நாற்காலியின் நுனியில் அமர்வதையும், அதிகாரி வரும்போது காரணமின்றி எழுந்து கைகட்டி நிற்பதையும் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் முதுகையே பார்த்துக் கற்கிறார்கள்.

ஆசிரியத் தோழர்களுக்கு நீண்டு பேசத் தேவையில்லை. முன்பெஞ்சில் அமர அஞ்சும் பிள்ளையை முதல் நாளே முன்பெஞ்சுக்கு இழுக்காதீர்கள். வாரத்திற்கு ஒரு பெஞ்சு முன்னே வரட்டும். புனே நகரில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே என்னும் மாங் குலத்துச் சிறுமி, 1855-இல் தம் மக்களின் துயரைப்பற்றிக் கட்டுரை எழுதினாள். 'ஞானோதயா' இதழ் அதனை வெளியிட்டது. சில ஆண்டுப் பள்ளிப் படிப்புத்தான் அவளுக்கு. அவளுக்குச் சிலேட்டில் முதல் எழுத்தை எழுதிக் காட்டியவர்கள் இப்படியொரு கட்டுரையை எதிர்பார்த்தா எழுதிக் காட்டினார்கள்?

இறுதியாக ஓர் அறிவிப்பு. வெள்ளி விழாவை ஒட்டிப் பெரியவர்களுக்கான புதிய மாலை வகுப்பு அடுத்த மாதம் முதல் ஞாயிறன்று தொடங்குகிறது. முதல் வாரத்தில் செய்தித்தாள் படிக்க ஐவர் தேவை. மூன்று பெயர்கள் நேற்றே வந்துவிட்டன. நான்காவதாக இன்று காலை, சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக உள்ள அம்மையார் ஒருவர் வந்து கேட்டார், வயது 57. 'எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், நேரமாகும், பரவாயில்லையா?' என்றார். பரவாயில்லை என்று பெயரை எழுதிக்கொண்டோம். பதிவேடு மேடைக்கு இடப்புறம் மேசைமேல் இருக்கிறது. ஓரிடம் மீதியுள்ளது.